இடக்கையை இழக்கும் பிள்ளைகள்

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இடைப்பட்ட தொலைவு 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறிய கரையோரத்தில் ஆண்டு முழுவதும் தாளம் ஓய்வதில்லை. கந்தூரிக் கொடி நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்கு ஊர்வலமாக வரும்போது கொட்டு முழங்குகிறது. சிக்கலில் சிங்காரவேலர் வீதியுலா வரும்போது தவில் முழங்குகிறது. ஆகஸ்டு 29 அன்று வேளாங்கண்ணியில் கொடியேறியது முதல் செப்டம்பர் 8 வரை, நடந்தே வரும் திருப்பயணிகளோடு மேளமும் பறையும் சேர்ந்தே நடந்து வருகின்றன. இந்த மண்ணில் வளரும் ஒரு பிள்ளை, வலக்கை நான்கு தட்டும் நேரத்தில் இடக்கையால் மூன்று தட்ட இயலாமல் திகைத்து நிற்கிறது என்றால், குறை பிள்ளையிடம் இருக்க முடியாது. கற்பிக்கும் முறையில்தான் இருக்க வேண்டும். அந்தக் குறையைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

காவிரிப் படுகையின் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளையைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ஆலயத்தில் இசைக்க ஒருவர் வேண்டும். பிள்ளைக்கும் ஒரு கலை வேண்டும். வசதியுள்ள பெற்றோர் லண்டன் தேர்வுகளுக்கும் அனுப்புகின்றனர். இப்படிக் கற்கும் பிள்ளைகள் நான்கைந்து படிகள் கடந்து 19-ஆம் நூற்றாண்டின் பியானோ இசைக்கு வந்து சேரும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. மேலை இசை வரலாற்றில் ரொமான்டிக் காலம் என வழங்கும் அந்தக் காலத்து இசையில் இரண்டு கைகளும் இரண்டு வேறு மனிதர்களைப்போல் பேசுகின்றன. வலக்கை பாடுகிறது, இடக்கை நடக்கிறது. பாட்டு நடையை இடிக்கக் கூடாது. நடை பாட்டுக்காக நின்றுவிடவும் கூடாது. நம் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுகின்றனர். பெரும்பாலோர் அத்தோடு இசையையே விட்டுவிடுகின்றனர்.

தடுக்கி விழும் இடம் எது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். போலந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஷோப்பான் (1810–1849) எழுதிய ‘ஃபாந்தேசி இம்ப்ராம்ப்ட்யூ’ என்னும் உருப்படி 1834-இல் உருவாகி, அவர் இறந்தபின் 1855-இல் வெளிவந்தது. அதில் வலக்கை எட்டுச் சுரங்களை வாசிக்கும் நேரத்தில் இடக்கை ஆறு சுரங்களை வாசிக்க வேண்டும். சுருக்கினால், மூன்றுக்கு நான்கு. இது ஒருவகைச் சிக்கல். அவருடைய ஒன்பதாம் தொகுப்பின் முதல் நாக்டர்னில் உள்ளது இன்னொரு வகை. அங்கே தொடக்க வரிகளிலேயே இடக்கையின் ஆறு சுரங்களுக்கு மேலே வலக்கை பதினொன்றையும், பன்னிரண்டு சுரங்களுக்கு மேலே இருபத்திரண்டையும் பூங்கொடிபோல் படரவிட வேண்டும். முன்னது கணக்கு; பின்னது அணி. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நம் வகுப்புகளிலோ இரண்டுக்கும் மருந்தே கிடையாது.

இப்போது நடப்பது என்ன? மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன; மூன்றும் தவறானவை.

முதலாவது, கருவிக்குள் பொதிந்து வரும் தானியங்கித் தாளம். ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ் ஒலிக்கிறது. இடக்கையின் விரல்களை ஓரிடத்தில் வைத்தால் போதும். மீதி வேலையைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. பிள்ளை ஆறு மாதத்தில் திருப்பலிக்கு வாசிக்கிறது, பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் அந்த ஆறு மாதத்தில் இடக்கை ஒரு நாளேனும் தானாக நடக்கவில்லை. நடக்கக் கற்கும் வயதில் குழந்தையைத் தள்ளுவண்டியிலேயே உட்கார வைத்தால் கால் என்ன ஆகுமோ, அதுவே இந்தக் கைக்கும் ஆகிறது.

இரண்டாவது, தாளில் போடும் கணக்கு. மூன்றுக்கும் நான்குக்கும் பொதுமடங்கு பன்னிரண்டு என்று ஆசிரியர் கட்டம் போட்டுக் காட்டுவார். கணக்குச் சரியானதே. ஆனால் கட்டத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை அதைக் காதால் கேட்டதில்லை. நீச்சலைக் கரும்பலகையில் வரைந்து கற்பித்துவிட்டு ஆற்றில் தள்ளினால் என்ன நடக்குமோ, அதுவே நடக்கிறது.

மூன்றாவது, ஒலிப்பதிவைக் கேட்டு அதன் வேகத்தைத் துரத்துவது. கைப்பேசியில் உலகப் புகழ்பெற்ற கலைஞரின் வாசிப்பு கிடைக்கிறது. பிள்ளை அதே வேகத்தில் தொடங்கி, சிக்கலான இடத்தை மழுப்பி, கடைசிச் சுரத்தில் வந்து சேர்கிறது. அன்றாடம் ஐம்பது முறை மழுப்பினால் மழுப்பலே மனப்பாடமாகிறது. அதன்பின் அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இந்த மூன்றையும் விட்டு, நம் வாசற்படியிலேயே கிடக்கும் நான்காவது வழி ஒன்று உண்டு. அதுதான் சொற்கட்டு.

இதை வாசிக்கும் பெற்றோர் இப்போதே ஒரு மேசையின்முன் அமர்ந்து சோதித்துப் பார்க்கலாம். முதலில் எளிதானது. ‘தகிட தகிட’ என்று ஆறு மாத்திரைகளை ஒரே சீராகச் சொல்லுங்கள். இடக்கை ஒவ்வொரு ‘த’விலும் தட்டட்டும், அதாவது 1, 4. வலக்கை 1, 3, 5 ஆகிய இடங்களில் தட்டட்டும். ‘இரண்டும், வலம், இடம், வலம்’ என்ற வரிசை தானாகவே பிறக்கும். இரண்டுக்கு மூன்று என்பது இவ்வளவே. அடுத்தது பன்னிரண்டு. ‘தகிட’ என்பதை நான்கு முறை சொல்லுங்கள். ஒவ்வொரு ‘த’விலும் வலக்கை தட்டட்டும். இடங்கள் 1, 4, 7, 10. இடக்கை 1, 5, 9 ஆகிய இடங்களில் தட்டட்டும். கைகள் பழகியபின், அவற்றை நிறுத்தாமல், வாயை மட்டும் மாற்றி ‘தகதிமி’ என்று மூன்று முறை சொல்லுங்கள். இப்போது ஒவ்வொரு ‘த’விலும் விழுவது இடக்கை. அதே பன்னிரண்டு, அதே கைகள், ஆனால் காது கேட்கும் பாட்டு வேறு. வாய் வலக்கையின் பக்கம் நின்றது போய், இடக்கையின் பக்கம் நிற்கிறது. இப்படி இரு பக்கமும் நின்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் மூன்றுக்கு நான்கு கைவசமாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆறு தட்டுகளுக்கு இடையே உள்ள தொலைவு 3, 1, 2, 2, 1, 3. ‘விகடகவி’ என்ற சொல்லைப்போல் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. இந்தச் சமச்சீரை ஒரு சிறுமியிடம் சொல்லிப் பாருங்கள். அச்சம் போய் ஆவல் பிறக்கும்.

இது புதுமையன்று. மிருதங்கமோ தவிலோ கற்கும் மாணவன் சொல்லை வாயில் ஏற்றியபின்தான் கையில் இறக்குகிறான். வாய்ப்பாட்டு மாணவி முதல் பாடமான சரளி வரிசையையே, தாளம் மாறாமல், மூன்று காலங்களில் பாடுகிறாள். கச்சேரியில் பல்லவி பாடும் வித்துவான் கையில் தாளத்தை அசையாமல் நிறுத்திக்கொண்டு, நான்கு நான்காக நடந்த வரியைத் திச்ர நடைக்கு மாற்றிக் காட்டுகிறார். தவிற்கலைஞரின் ஒரு கையில் கழி. மறு கையின் விரல்களில் கூடு. இரண்டு கைகளும் இரண்டு வேறு குரல்களில் பேசுகின்றன. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) போன்றோரின் பெயரை உலகறியச் செய்தது இந்தப் படுகைதான். இரு கைகளின் விடுதலையை இவ்வளவு நுட்பமாகக் கற்பிக்கும் மரபு ஒன்று ஐந்தாறு தலைமுறையாகப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்துகொண்டிருக்க, நாம் பிள்ளையின் கையில் கருவியின் செயல்முறைக் கையேட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் மதிக்காததை ஐரோப்பா மதிக்கிறது. ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா என்னும் ஆசிரியர் கருநாடக இசையின் தாள முறைகளைக் கொண்டு மேலை இசை மாணவர்களைப் பயிற்றுவித்து, அந்த அனுபவத்தை 2015-இல் ஒரு விரிவான நூலாகவும் வெளியிட்டார். அங்குள்ள பியானோ மாணவன் ‘தகதிமி’ சொல்லித் தன் நாட்டு இசையின் முடிச்சை அவிழ்க்கிறான். தஞ்சைத் தரணியில் பிறந்த பிள்ளை அதே முடிச்சின்முன் அழுகிறது. இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்?

இனி, அணிகளுக்கு வருவோம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பதினொன்றை ஆறால் வகுத்து ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் குறிக்கத் தொடங்கினால் பூங்கொடி முள்வேலியாகிவிடும். ஷோப்பான் தம் மாணவர்களிடம் பாடகர்களைக் கேளுங்கள் என்று ஓயாமல் வற்புறுத்தியவர். அவருடைய அணிகள் இத்தாலியப் பாடகர்களின் மூச்சிலிருந்து பிறந்தவை. அதே நேரத்தில் அவருடைய மாணவர் மிகுலி, ஆசானின் பியானோமீது தாளமானி எப்போதும் இருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். இடக்கை தாளத்தைக் காக்க வேண்டும், வலக்கை அதன்மேல் உரிமையோடு பாட வேண்டும் என்பதே அவர் கற்பித்த பாடம்.

இந்தப் பாடம் நமக்கு அந்நியமா? நிரவல் பாடும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சொற்களை நீட்டுகிறார், சுருக்குகிறார், இரண்டு தட்டுகளுக்கு இடையே எத்தனையோ சுரங்களைப் பொழிகிறார். ஒவ்வொன்றையும் அவர் எண்ணுவதில்லை. ஆனால் அறுதி எங்கே விழ வேண்டும், எடுப்பு எங்கே வர வேண்டும் என்பதை அவர் உடம்பே அறிந்திருக்கிறது. கை தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. நாக்டர்னின் இருபத்திரண்டு சுரங்களுக்கும் இதே வழிதான். முதலில் இடக்கையைத் தனியே, நினைவின்றி நடக்கும்வரை பழக வேண்டும். பின்பு வலக்கையின் கொடியை, கருவியை மூடிவிட்டு, வாயால் பாட வேண்டும். எங்கே மூச்சு வாங்குகிறோமோ, அங்கே ஒரு சிறு கோடு. எந்தச் சுரம் இடக்கையின் எந்தச் சுரத்தைச் சந்திக்கிறது என்று இரண்டு அல்லது மூன்று இடங்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சந்திப்புகளுக்கு இடையே சுரங்கள் நீரைப்போல் ஓடட்டும். கணக்கு வேண்டிய இடத்தில் சொற்கட்டு. அணி வேண்டிய இடத்தில் வாய்ப்பாட்டு. இரண்டும் நம்மிடம் உண்டு.

இதற்கு எழும் மறுப்புகளையும் பார்த்துவிடுவோம்.

“நம் தாளக் கணக்கின்முன் மேலை இசை குழந்தை விளையாட்டு, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?” என்று மார்தட்டுவோர் உண்டு. இது அறியாமை. பிராம்ஸ் (1833–1897) போன்ற பேரறிஞர், இரு கைகளும் வேறு வேறு எண்ணிக்கையில் நடக்கும் பயிற்சிகளையும் சேர்த்து, 51 பயிற்சிகளைத் தொகுத்து 1893-இல் வெளியிட்டார். ஷோப்பானும் 1839-இல் ஒரு பயிற்சி நூலுக்காக மூன்று சிறு எத்யூதுகளை எழுதினார். அவற்றுள் ஒன்று நான்குக்கு மூன்று, இன்னொன்று இரண்டுக்கு மூன்று. அவர்களே பாடுபட்டுக் கற்றதை நாம் இளக்காரம் செய்வது அழகன்று. அன்றியும், மேலை இசையில் சுரக்கூட்டுகளின் அசைவோடு பிணைந்தே தாளம் நெகிழ்கிறது. நம் கணக்கு சமத்தில் வந்து முடிவதுபோல் அது எப்போதும் முடிவதில்லை. சொற்கட்டு அங்கே சாரம்; கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும்.

“தேர்வுக்கு நாள் நெருங்குகிறது, மேசையைத் தட்ட நேரமில்லை” என்போர் இரண்டாம் வகையினர். தேர்வைக் குறை கூற வேண்டியதில்லை. அது ஓர் அளவுகோல் மட்டுமே. குறை, அளவுகோலையே உணவாக்கிவிட்ட பெற்றோரின் அவசரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் தேர்வுக்குரிய இரண்டு மூன்று உருப்படிகளை மட்டும் உருப்போட்ட பிள்ளையிடம் நான்காவதாக ஒன்றைக் கொடுத்தால் கை நடுங்குகிறது. சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. வீட்டில் இசை இல்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மேசையைத் தட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. நல்ல பியானோ வாங்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? வாங்கினாலும் இந்த உப்புக்காற்று அதன் கம்பிகளை விட்டுவைக்குமா? மேசையை உப்புக்காற்று ஒன்றும் செய்யாது.

மூன்றாம் மறுப்பு மெல்லிய குரலில் வருகிறது; ஆனால் அதுவே ஆழமானது. “தவிலும் சொற்கட்டும் கோவிலுக்குரியவை, பறை ஊர்வலத்துக்குரியது, ஆலயத்துக்குள் நமக்கு எதற்கு?” இதை அச்சமின்றி எதிர்கொள்ள வேண்டும். நம் பங்குகள் பலவற்றில் திருவிழா நாளில் நடப்பது என்ன? தேர்பவனிக்கு முன்னே மேளக்காரரும் பறையிசைப்போரும் நடக்கின்றனர். மூன்றுக்கு நான்கு, நான்குக்கு மூன்று, ஐந்து, ஏழு எல்லாம் அவர்கள் கைகளில் இருக்கின்றன. தேர் நிலைக்கு வந்ததும் கூலியைப் பெற்றுக்கொண்டு வாசலிலிருந்தே திரும்பிவிடுகின்றனர். ஆலயத்தின் உள்ளே ஒரு பிள்ளை பொத்தானை அழுத்துகிறது. தெருவில் நடந்தவரின் கைக்கும் உள்ளே திணறும் பிள்ளையின் கைக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. அந்தப் பத்தடியைக் கடக்கவிடாமல் தடுப்பது இசையிலக்கணமா? இல்லை. யார் கற்பிக்கலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்ற பழைய உயர்வு தாழ்வே தடுக்கிறது. அதற்கு நாம் பிள்ளைகளின் இடக்கையை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

திருச்சபை இப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 119-ஆம் பகுதி, மக்களின் மரபிசைக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும், பள்ளிகளிலும் வழிபாட்டிலும் அதனை வளர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது. அடுத்த பகுதி குழலார்கனைப் போற்றுகிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை. சங்கத்துக்கு முன்னரே நம்மவர் இதை அறிந்திருந்தனர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் 1878-இல் வெளிவந்தன. தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் என்னும் கிறித்தவர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். திருச்சிராப்பள்ளியில் 1977-இல் கத்தோலிக்கக் குரு ஒருவர் தொடங்கிய கலைக்காவிரியில் மிருதங்கமும் பரதமும் கற்பிக்கப்பெறுகின்றன. அண்டை வீட்டாரைப் பாருங்கள்: நாகூர் தர்காவின் ஆஸ்தான வித்துவானாகக் கருநாடக இசையில் வல்லவரான இசைமணி எஸ்.எம்.ஏ. காதர் விளங்கினார். தர்காவுக்கு இல்லாத தயக்கம் நமக்கு மட்டும் ஏன்?

இரு மரபுகளும் ஒன்றோடொன்று பேசும் என்பதற்குச் சான்றும் தொலைவில் இல்லை. சிக்கல் சகோதரிகளின் குடும்பத்தில் வந்த பாடகர் சிக்கல் குருசரணும் சென்னைப் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீனிவாசனும் பல ஆண்டுகளாக இணைந்து மேடையேறி வருகின்றனர். 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்ற லிடியன் நாதஸ்வரம் என்ற சிறுவன் பியானோவுக்கு முன்பே தாளக் கருவிகளைப் பழகியவன். அவனுடைய வேகத்தைக் கண்டு வியந்த பெற்றோர், அந்த வேகத்துக்கு முன்னிருந்த தாளப் பயிற்சியைக் காணவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நம் பங்குகளின்முன் வைக்கலாம். முதலாவது, ஓராண்டுக் காலம் ஆலயக் கீபோர்டின் தானியங்கித் தாளத்தை நிறுத்தி வையுங்கள். தொடக்கத்தில் வாசிப்பு வெறுமையாகத் தோன்றும். பிள்ளையின் கைகளில் உண்மையில் எவ்வளவு உள்ளது என்பதை அந்த வெறுமை காட்டிவிடும். இரண்டாவது, கீபோர்டு வகுப்பின் முதல் மூன்று மாதங்களை மேசைக்கும் வாய்க்கும் ஒதுக்குங்கள். ஊரில் உள்ள தவிற்கலைஞரையோ, மிருதங்க ஆசிரியரையோ, பறையிசைக் கலைஞரையோ வாரம் ஒருமுறை அழையுங்கள். வாசலில் நிறுத்தாமல், ஆசிரியருக்குரிய நாற்காலியும் ஆசிரியருக்குரிய ஊதியமும் கொடுத்து அழையுங்கள். மூன்றாவது, பெற்றோருக்கு. வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனையாவது கிரேடு என்று கேட்குமுன், இரண்டுக்கு மூன்றை மேசைமேல் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். தட்டத் தெரியவில்லை என்றால், கூடவே உட்கார்ந்து நீங்களும் தட்டுங்கள்.

ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஷோப்பானை வாசிக்கும் மேதை தோன்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரு கைகளும் விழித்திருக்கும் பிள்ளைகள் வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அடுத்த திருவிழா வருவதற்குள், தேருக்கு முன்னே நடக்கும் அந்தக் கலைஞரை ஒருநாள் பங்கு மண்டபத்துக்குள் அழைத்து, நம் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார வைப்போம். அவர் ‘தகிட’ என்று தொடங்கட்டும்.